ஐஸண்ணே முழுங்காத மாத்திரை

செத்த மனுஷனை உயிரோடு எழுப்பினவன் திண்டுக்கல்லிலேயே ஒருத்தன்தான், அது நான்தான். பொய். அவர் சாகவும் இல்லை, நான் எழுப்பவும் இல்லை. என் குட்டியானை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோனேன், அவ்வளவுதான். அதிலும் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சிமெண்ட் தொட்டியை உடைத்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் நாகல் நகரில் யாருக்கும் தெரியாது. ஐஸ் என்றால் தெரியும். சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். பெட்டி அவருடையது, வண்டி என்னுடையது. கத்தரி வெயிலில் ரோட்டுத் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் நாளில், ஐஸண்ணே ஸ்வெட்டர் போட்டு, மப்ளர் சுற்றி, குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏலே, கண்ணாடிய ஏத்துடா. குளிருது" என்பார். ஏற்றுவேன். உள்ளே நான் இட்லி மாதிரி வெந்துகொண்டு வருவேன்.

பூமியில் அவரை விட மெதுவான மனிதர் கிடையாது. "டீ சாப்டியா" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் டீயைக் குடித்துவிட்டு கிளாஸைக் கழுவியும் வைத்திருப்பேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். முகம் உப்பி, மெழுகு நிறத்தில் இருக்கும். புருவத்தில் வெளிப்பக்கம் பாதியைக் காணோம். கையைத் தொட்டால் பெட்டியின் கைப்பிடிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

சின்னாளபட்டிப் பக்கம் ஒரு வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். தாமதமாக வந்த சொந்தக்கார அம்மா ஒன்று, வாசலிலேயே அவரைப் பார்த்துவிட்டு, "என் ராசா, உக்காந்தபடியே போயிட்டியே" என்று கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டது. ஐஸண்ணே ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நான் இல்ல தாயி. அவரு உள்ள இருக்காரு."

அந்த அம்மா மயங்கி விழுந்தது. தெளிய வைக்க அடித்த தண்ணீர் இவர் மேலும் பட்டது. "குளுந்த தண்ணியாப் பாத்து ஊத்துறாய்ங்களே" என்று அதற்கும் அழுதார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நான் ஒரு நாள் சிரிப்பை நிறுத்தினேன். பெட்டி மோட்டார் ஓடும்போது ம்ம்ம் என்று ஒரு சத்தம் வரும். ஐஸண்ணே வாயை மூடிக்கொண்டு அதே சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை. சட்டென்று கரண்ட் போனது. மோட்டார் நின்றது. நடந்துகொண்டிருந்த ஐஸண்ணேயும் ஒரு காலை முன்னால் வைத்தபடி நின்றுவிட்டார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லடா. செத்த நேரம் நின்னுக்கிறேன்."

கரண்ட் வந்தது. நடந்தார்.

அதன்பிறகு அவரே சொன்னார். "பெட்டிக் குளிரு எனக்குள்ள எறங்கிருச்சுடா. இம்புட்டுப் பேர வச்சு எடுத்தோம்ல. ஆளுக்குக் கொஞ்சம் என்ட்ட குடுத்துட்டுப் போயிருக்காக."

கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். வீட்டில் கட்டில் இருந்தும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்கினார். கேட்டதற்கு, "படுத்தா பெட்டி மூடி எறங்குதுடா. விட்ட மூச்சு கண்ணாடியில பட்டு எனக்கே திரும்பி வருது" என்றார். அன்றைக்கு நான் சோற்றைத் தொடவில்லை.

ஐஸண்ணே சம்சாரம் பிலோமினா மதினி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தது. நான் அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்ட அறிவாளி அல்லவா, மதினிக்குத் தெரியாமல் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் பேய் ஓட்டும் ஒரு கோடாங்கியிடம் அழைத்துப்போனேன். கோடாங்கி இவர் கையைப் பிடித்தான். உடனே விட்டான். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஏனுங்க, எனக்கு உசுரோட இருக்கறவங்களுக்குத்தானுங்க பார்க்கத் தெரியும். இவரை எதுக்குங்க கூட்டியாந்தீங்க?"

வண்டியை நான் எந்த கியரில் ஓட்டி வந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம், இன்னொரு சாவு வீட்டில், ஐஸண்ணே நாற்காலியில் தலை சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உலுக்கினேன். உடம்பு சில்லென்று இருந்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "பாவம், பெட்டியில எடம் இல்லையே" என்றார். அவரைத் திட்டக்கூட நேரமில்லாமல் தூக்கி என் வண்டியில் உட்கார வைத்துப் பறந்தேன். வழியெல்லாம் ஆட்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஆள், "மார்ச்சுவரி பின்னாடிப் பக்கம்" என்று கை காட்டினார்.

நல்லவேளை, ஒரு டாக்டரம்மா வந்து பார்த்தது. முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டியது. கால் மேலே போனது. கீழே இறங்கும்போது யோசித்து யோசித்து இறங்கியது. அதைப் பார்த்ததுமே டாக்டரம்மாவுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள், உள்ளே படுக்க வைத்தார்கள். கொஞ்ச நாளில் கண் விழித்தார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. இவருக்கு அது வேலையை நிறுத்தி ரொம்ப காலம் ஆச்சு. அதுல வர்றது இல்லாம இதயம் சோர்ந்துபோச்சு, சுத்தி நீரும் கட்டியிருக்கு" என்றது டாக்டரம்மா.

"அப்ப பெட்டி?" என்றேன்.

"எந்தப் பெட்டி?"

ஐஸண்ணே போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"நீர் இறங்க மருந்து தர்றேன். ஆனா மூல மருந்து இந்தச் சின்ன மாத்திரைதான். கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவாத்தான் ஏத்தணும், ஒரேயடியா குடுத்தா இந்த இதயம் தாங்காது. காலையில வெறும் வயித்துல. காப்பி அப்புறம்தான். நிறுத்தினா திரும்பவும் இதே நிலைமை. அடுத்த தடவை காப்பாத்திடுவேன்னு நான் வாக்கு தர மாட்டேன்."

வீட்டுக்கு வந்தார். முதலில் மப்ளர் போனது. ஒரு நாள் நெற்றியில் வேர்த்தது, அது என்னவென்று தெரியாமல் கூரை ஒழுகுதா என்று மேலே பார்த்தார். எனக்குச் சிரிப்பு. ஆனால் சாவுகள் அதிகமான ஒரு மாதம் வந்தது, தினமும் பெட்டி போனது. மப்ளர் திரும்பி வந்தது. ம்ம்ம் என்கிற அந்தச் சத்தமும் வந்தது.

மதினி தலையணையைத் தூக்கிப் பார்த்தால் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது.

"ஏங்க, சாகணும்னு வேண்டுதலா?"

"சாவு வீட்டுக்குப் போற அன்னைக்கு எப்பிடிடி போடுவேன்? அங்கன ஒருத்தரு மூச்சில்லாமக் கெடக்காரு. என் மூச்சுக்கு மருந்து போட்டுட்டு அவரு முன்னாடி போயி நிக்கிறதா? ஒரு மரியாத வேணாமா?"

"வந்து போடுறது."

"வந்தா குளிக்காம எதையும் வாயில வைக்கக்கூடாது. குளிச்சு வந்தா நீ காப்பியக் குடுத்துடுற."

மதினி அழுதது. நான் கெஞ்சினேன், மிரட்டினேன், என் வண்டி வராது என்றேன். செத்தவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையில் குறை வைக்க மாட்டேன் என்று நின்றார். கால் திரும்ப வீங்கியது.

மறுநாள் காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார் வீடு. அவரைப் பெட்டியில் வைத்தோம். குளிர் ஏறிவிட்டதா என்று பார்க்க ஐஸண்ணே கண்ணாடி மேல் குனிந்தார். கண்ணாடியில் தெரிந்த அவர் முகம் உள்ளே இருந்தவர் முகத்தின் மேல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கண்ணுக்குக் கண், வாய்க்கு வாய். ஐஸண்ணே விலகவில்லை. அவர் வாயிலிருந்து ம்ம்ம் கிளம்பியது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வாத்தியார் சம்சாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "ஐயா, எந்திரிங்க. எனக்கு உள்ள யாரு இருக்கான்னு தெரிய மாட்டேங்குது" என்றது.

என்னால் அடக்க முடியவில்லை. இடம் பொருள் பார்க்காமல் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். மதினி என் சட்டைப்பையில் திணித்து அனுப்பிய அட்டையையும் காட்டினேன். அந்த அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தது.

"எங்க வீட்டுக்காரரும் நாளைக்குப் போடுறேன், நாளைக்குப் போடுறேன்னுதான் இருந்தாரு. அவருக்கு மரியாத செய்யணும்னா, அவரு பாக்க முழுங்குங்க."

ஐஸண்ணே பெட்டியைப் பார்த்தார். அப்புறம் உள்ளே இருந்தவரிடம் தலையசைத்து அனுமதி கேட்டுக்கொண்டு, மாத்திரையை வாயில் போட்டார்.

அன்றிலிருந்து எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் பெட்டிக்காரருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வரவேண்டும். ஊரில் அதையே ஒரு சடங்காக்கிவிட்டார்கள். போன வாரம் வேடசந்தூரில் ஒரு வீட்டில் தண்ணீருக்குப் பதிலாகக் காப்பி கொண்டுவந்து நீட்டினார்கள், ஐஸண்ணே அவர்களைப் பார்த்து…

போன் அடிக்கிறது. அவர்தான்.

"ஏலே, எங்கடா போயித் தொலஞ்ச? பெட்டி ஏத்தணும்னு சொன்னது ஒன் காதுல விழுகலையா? சோம்பேறிப் பயலே, ஒங்க அப்பனும் இப்பிடித்தான் இருந்தான், அவங்க அப்பனும் இப்பிடித்தான் இருந்தான்…"

முன்பெல்லாம் 'ஏலே' என்றதுமே அவருக்கு மூச்சு தீர்ந்துவிடும். இப்போது என் பாட்டன் வரைக்கும் போய்க்கொண்டிருக்கிறார். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்புகிறேன்.