ஒன்பது பேர், ஒரு கையெழுத்து

உலகக் கோப்பையைப் புகழ்ந்ததுதான் மரிய அந்தோணி செய்த முதல் தப்பு.

புகழ வேண்டிய அவசியம் இருந்தது. கிரீன் கார்டு விண்ணப்பத்தோடு போக வேண்டிய கடிதம் ஒன்று, மேலாளர் கையெழுத்துக்காக மூன்று வாரமாகக் கிரெய்க்கின் மேசையில் கிடந்தது. அதன் மேல் அவருடைய காப்பிக் கோப்பை இருந்தது. கடிதத்தில் ஏற்கெனவே இரண்டு வட்டங்கள் விழுந்துவிட்டன. வக்கீல் கொடுத்த கெடு, இரண்டாயிரமாம் வருஷம் நவம்பர் இருபது. விசாவின் ஆறாவது வருஷம் மார்ச்சில் முடிகிறது. அதற்குப் பிறகு மான்மவுத் ஜங்ஷன் அபார்ட்மென்ட், டொயோட்டா, மகள் ஃபெபியின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

கிரெய்க் ஆஸ்திரேலியாக்காரர். நாற்பது வயது. மவுஸைக் கீபோர்டுக்கு இடப்பக்கம் வைத்திருப்பார். பூமிக்குக் கீழ்ப்பக்கத்து ஆள், எல்லாம் மாறித்தான் இருக்கும் என்று அந்தோணி நினைத்துக்கொள்வான். கிரெய்க் மனசு வைத்துப் பேசுவது ஒரே விஷயம், ரக்பி லீக். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவன் மேல் விழுந்து அமுக்குவது. அவ்வளவுதான் ஆட்டம் என்று அந்தோணிக்குத் தெரிந்திருந்தது.

அன்று காலை இருபது நிமிஷம் இன்டர்நெட்டில் படித்துவிட்டு உள்ளே போனான்.

"வேர்ல்ட் கப் பாத்தீங்களா? சனிக்கிழமை உங்க நாடு ரஷ்யாவை நூத்திப் பத்துக்கு நாலுன்னு அடிச்சிருக்கே. கிரேட்!"

கிரெய்க்கின் முகம் வேப்பங்கொழுந்தைக் கடித்ததுபோல ஆனது.

"அது ஆட்டமா, மேட்? நூற்றுப் பத்து அடித்தால் அதற்குப் பெயர் ஜெயிப்பதா?"

"இல்ல, நாட்டுக்காக ஆடறது..."

"நாட்டுக்கு ஆடப் பாட்டி ஒருத்தி இருந்தால் போதும். பாட்டி எந்த நாடோ அந்த நாட்டுப் பனியனை மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். கிளப் பனியனுக்கு ரத்தம் கேட்பார்கள். எங்கள் ஊரில் கிளப் ஆட்டம் என்றால் கல்யாணத்தைத் தள்ளி வைப்பார்கள். நாடு ஆடினால் புல் வெட்டப் போவார்கள்."

சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக் குடித்து, மறுபடி கடிதத்தின் மேலேயே வைத்தார். மூன்றாவது வட்டம்.

அந்தோணி அவசரமாகச் சரிசெய்தான்.

"எங்க ஊர்லயும் அப்படித்தான்!"

அது பொய்யில்லை. அவன் ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். ஆசிய விளையாட்டில் இந்தியா கபடித் தங்கம் வாங்கினால் பேப்பரில் நாலு வரி வரும். மாதா கோயில் திருவிழாக் கபடியில் பக்கத்து ஊர்க் கோயில் பங்கு ஜெயித்தால் மூன்று வருஷத்துக்கு அந்த ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அதைச் சொன்னான். சொன்ன வேகத்தில், தானும் பங்கு அணியில் ஆடியவன் என்று சேர்த்துக்கொண்டான். ஆடியது ஒரே ஒரு திருவிழாவில் என்றோ, அதுவும் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு வந்ததால் பதினொரு நிமிஷம் என்றோ சொல்லவில்லை.

கிரெய்க் எழுந்து நின்றார்.

"கபடியா? ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுவீர்களே, அதுவா?"

"அதேதான்."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? ரக்பி ஆடுவோம், பக்கத்துக்கு ஒன்பது பேர். பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. எங்கள் கிளப் ராரிட்டன் பேட்ஜர்ஸ் ஒரு பக்கம், இந்தியா ஒரு பக்கம். நீதான் கேப்டன்."

"இந்தியாவுக்கு இந்த ஆட்டத்துல டீமே கிடையாதே?"

"அதனால்தான் நீ கேப்டன்."

நூறு கோடிப் பேர் இருக்கிற நாட்டுக்கு நாலு நிமிஷத்தில் கேப்டன் ஆகிவிட்டோமே என்று அந்தோணிக்குக் கூச்சமாக இருந்தது.

"அதுக்கு நான் உங்க கிளப்லயே ஒரு ஓரமா ஆடறேனே?"

கிரெய்க் வாய்விட்டுச் சிரித்தார். "கிளப்பிலா? முதலில் இரண்டு வருஷம் தண்ணீர் பாட்டில் தூக்கணும், மேட்."

"அந்த லெட்டர்?"

"ஆட்டம் முடியட்டும்."

வீட்டில் மனைவி ஜோசபின் எல்லாவற்றையும் கேட்டாள். சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, ஒரு விஷயம் சொல்லுங்க. நீங்க ஜெயிச்சா அவரு கையெழுத்துப் போடுவாரா, தோத்தா போடுவாரா?"

அந்தோணி அதை யோசித்திருக்கவில்லை.

"ஜெயிச்சா ரோஷம் வரும். தோத்தா இளக்காரம் வரும்."

"அப்ப?"

"மரியாதையாத் தோக்கணும்."

"Daddy, you can't even run to the mailbox," என்றாள் ஃபெபி.

ஆள் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. முதலில் கிடைத்தவன் வெங்கடாசலம், கோபிசெட்டிபாளையத்துக்காரன், அலுவலகத்தில் பக்கத்து இருக்கை.

"ஏனுங்ணா, உங்களுக்குக் கூறு கீறு இருக்குதுங்களா? கபடின்னா நடுவுல கோடு இருக்குமுங்க, தொட்டுட்டாத் தப்பிச்சுக்கலாம். இதுல கோடு எங்கீங்க இருக்குது?"

"கடைசில இருக்குடே."

"அதுவரைக்கும் உசுரு இருக்கோணுமுங்களே."

ஆனாலும் வந்தான். சர்ச்சிலிருந்து நாலு பேர், அபார்ட்மென்ட் வாலிபாலிலிருந்து இரண்டு பேர். ஒன்பதாவது ஆளாக டிரினிடாட்டில் பிறந்த பிளம்பர் ஒருவர். அவருடைய கொள்ளுப்பாட்டன் இந்தியாவில் எந்த ஊர் என்று அவருக்கே தெரியாது. "பெரிய நாடுதானுங்க, எங்கியாச்சும் இருப்பாரு" என்று வெங்கடாசலம் அவரைச் சேர்த்துக்கொண்டான்.

பதினெட்டாம் தேதி நல்ல குளிர். இந்திய அணி உள்ளே தெர்மல், வெளியே அரைக்கால் சட்டை, தலையில் குரங்குக் குல்லாவோடு இறங்கியது. எதிரே பேட்ஜர்ஸ். ஒவ்வொருவரும் ஒரு ஃப்ரிட்ஜ் அளவு இருந்தார்கள். அந்த மாநிலத்தில் இந்த ஆட்டம் தெரிந்த எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனால் ஏற்றினால் பஸ் நகராது.

கிரெய்க் இறங்கவில்லை. துவைத்து மடித்த பனியனைப் போட்டுக்கொண்டு, வாளியும் ஸ்பான்ஜுமாக ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"பெரிய ஆட்டக்காரரு. கடைசியிலதான் எறங்குவாரு" என்றான் அந்தோணி.

பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா டோரீன். சிட்னியிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்தார். பெரிய தொப்பி, மடியில் கம்பளி, கையில் ஆரஞ்சுத் தட்டு.

மரியாதையாகத் தோற்பதற்கு ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது முதல் ஐந்து நிமிஷத்தில் புரிந்தது. பந்து யாரிடம் வந்தாலும், சூடான பாத்திரத்தைப் பிடித்தவன்போல உடனே அடுத்தவனிடம் கொடுத்தான். கடைசி ஆள் அதை எதிராளியிடமே கொடுத்தான். இடைவேளையில் நாற்பதுக்குப் பூஜ்யம்.

கிரெய்க் பெஞ்சிலிருந்து கத்தினார். "ரஷ்யாகூட நாலு எடுத்தது, மேட்!"

இளக்காரம் வந்துவிட்டது.

டோரீன் தட்டோடு வந்தார். ஆரஞ்சுச் சுளைகளின் மேல் உப்பும் மிளகும் தூவியிருந்தது. அந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் இருந்தது.

"அந்த எருமை எப்பங்ணா எறங்கும்?" என்று வெங்கடாசலம் சுளையைக் கடித்தபடி கேட்டான்.

"கிரெய்க்கா? கடைசில. எல்லாரும் கேட்டுக்கிடுங்கடே. எருமை எறங்குனா வழி விட்டுருங்க. தொடப்பிடாது. என் கிரீன் கார்டு அந்தக் கையிலதான் இருக்கு."

"மெதுவாப் பேசுங்ணா. கெழவி நிக்குது."

"நின்னா என்னடே? ஆரஞ்சைத் தின்னு. அதுக்கு என்ன தெரியப்போவுது?"

டோரீன் தட்டை நீட்டினார். "டேக் டூ, லவ்," என்றார்.

இரண்டாம் பாதியிலும் புள்ளி மழை ஓயவில்லை. ஐம்பது, அறுபது. அறுபத்திரண்டு ஆனதும் பேட்ஜர்ஸ் கேப்டன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, போனால் போகிறது என்று கை காட்டினார். பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது. கிரெய்க் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது. கோபம் என்று அந்தோணி நினைத்தான்.

பந்து கிரெய்க்கிடம் வந்தது. ஓடத் தொடங்கினார். இந்திய அணி சொன்ன பேச்சைக் கேட்டது. சப்பரத்துக்கு வழிவிடுவதுபோல எட்டுப் பேரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். வெங்கடாசலம் கும்பிடாத குறை.

எதிரே அந்தோணி மட்டும் நின்றான். ஒதுங்கு என்றது புத்தி. கைக்கு அது கேட்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு பதினொரு நிமிஷம் மட்டும் ஆடிய கை, குனிந்து, கிரெய்க்கின் கணுக்காலைப் பிடித்தது. பிடித்ததை விடக்கூடாது என்பது திருவிழாக் கபடியில் சொல்லிக் கொடுத்தது. விடவில்லை.

கிரெய்க் மரம் சாய்வதுபோல விழுந்தார். வலது மணிக்கட்டு அடியில் மாட்டியது. முறுக்கு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

"அண்ணா," என்றான் வெங்கடாசலம், "கிரீன் கார்டை ஒடிச்சுட்டீங்களே."

ஆஸ்பத்திரியில் இரண்டு எலும்பு முறிவு என்றார்கள். ஆறு வாரக் கட்டு. வலிக்கு மருந்து கொடுத்ததில் கிரெய்க் தூங்கிக்கொண்டிருந்தார். முழங்கையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு, நுனியில் கட்டை விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூலை நாற்காலியில் டோரீன் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

அந்தோணி காருக்குப் போய், பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் டேஷ்போர்டில் வைத்திருக்கும் கடிதத்தின் நகலோடு திரும்பி வந்தான். எதற்கு எடுத்து வந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"சோத்தாங்கை போச்சுடே. திங்கக்கிழமை கெடு. ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான்."

கூட வந்திருந்த வெங்கடாசலம் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கூருப் பால் சொசைட்டில, கை ஒடைஞ்சா ரேகைதானுங்ணா."

"என்னடே சொல்லுத?"

"வெரல் வெளியதானுங்க இருக்குது."

"தூங்குறவன்கிட்ட ரேகை வாங்குறது பாவம்டே. பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"கிரீன் கார்டு வாங்கிப்போட்டுச் சொல்லுங்க."

"அமெரிக்காக்காரன் ரேகையை ஒத்துக்குவானா?"

"போலீஸ் ஒத்துக்குதுங்களே."

"கெழவி?"

"அது படம் பாத்துட்டு இருக்குதுங்க. ஒண்ணும் புரியாது."

வெங்கடாசலம் பேனாவை ஒடித்து ரீஃபிலை ஊதினான். மை ஒழுகியது, முதலில் அவன் சட்டையில், பிறகு போர்வையில். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டான். கடிதத்தை உறையிலிருந்து எடுத்தான். கிரெய்க்கின் வலது கட்டை விரலை, பிறந்த குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டுத் தூக்கினான்.

"நொட்டாங்கைக்காரன்கிட்ட சோத்தாங்கை ரேகை எதுக்குப்பா?"

இருவரும் முதலில் கதவைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. பிறகு மூலையைப் பார்த்தார்கள்.

டோரீன் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார்.

"எழுப்பு அவன. எடது கையால போடுவான். அதுக்காகச் சின்ன வயசுல எத்தினி அடி வாங்கினான், மாத்திக்கவே இல்ல."

அந்தோணி விரலைக் கீழே வைத்தான். வெங்கடாசலம் ரீஃபிலைச் சட்டைப் பைக்குள் ஒளித்தான்.

"அம்மா... நீங்க..."

"பொறந்து வளந்தது பெரம்பூர், ரயில்வே காலனி," என்றார் டோரீன். "மூணு வருஷமா அந்தக் கிளப்புக்குப் பனியன் தொவைக்கிறான், இன்னிக்குதான் பத்து நிமிஷம் எறக்குனாங்க, இந்தக் கெழவி பெத்த எருமைக்கு உன் இந்தியா டீம்ல ஒரு எடம் குடு, கேப்டன். கேக்க வெக்கப்பட்டுக்கினு ரெண்டு வாரமா உன் கடுதாசி மேலயே காப்பி குடிச்சுக்கினு கெடக்கறான்."