தப்பா எழுதவும் தெரியணும்

எனக்கு இந்த ஒலகத்துல ரெண்டுக்குத்தான் பயம். ஒண்ணு பொண்டாட்டி. இன்னொண்ணு பின்னம். அதாங்க, நடுவுல ஒரு கோட்டப் போட்டு, மேல ஒரு நம்பரும் கீழ ஒரு நம்பரும் மொறச்சிக்கிட்டு நிக்குமே, அது. தானே புயல்ல எங்க கடலூரு முதுநகர்ல கூரையெல்லாம் பறந்தப்பக்கூட நான் கொறட்ட விட்டுத் தூங்குனவன். ஆனா இது ரெண்டும் போன மாசம் ஒரே நாள்ல, ஒண்ணா கைகோத்துக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னுச்சி.

என் பேரு காத்தவராயன். காவல் தெய்வத்தோட பேரு. ஊருக்கெல்லாம் காவல், எனக்குக் காவல் எவனுமில்ல.

"மாமா, பசங்க ரெண்டையும் ஸ்கூல்லேருந்து நிறுத்திட்டேன். இனிமே வீட்லதான் படிப்பு"ன்னா என் பொண்டாட்டி வெண்மதி.

காரணம் சின்னவன் அன்பரசு. ஒம்போது வயசு. கணக்குப் பீரியடு இருந்தா காலையிலயே வயித்தப் புடிச்சிக்குவான். வெண்மதிக்கு ஆஸ்பத்திரி லேப்ல வேல. எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பாத்துட்டா. வயித்துல ஒண்ணுமில்ல. வியாதி கிளாஸ்ல இருந்துச்சி. தப்பாப் போட்டா பெஞ்சு மேல ஏத்தி, மத்த பசங்கள சிரிக்கச் சொல்லுவாங்களாம். பெரியவ தில்லைமதிக்குப் பன்னெண்டு வயசு. "தம்பிக்கு மட்டும் சலுகையா?"ன்னு அவளும் பையக் கழட்டி ஆணியில மாட்டிட்டா.

"நல்ல முடிவு மதி. நீ சொல்லிக் குடு. நான் டீ போட்டுத் தரேன்."

"தமிழு, இங்கிலீசு, சயின்சு சாயங்காலம் நான் பாத்துக்குறேன். கணக்கு நீ."

"நானா?"

"சிதம்பரத்துல மீன் லோட எறக்கிட்டு ஒம்போதரைக்கெல்லாம் வந்துருவ. எனக்குப் பத்தரைக்கு டூட்டி. பத்துலேருந்து பதினொண்ணு கணக்கு. பத்தாவது பாஸுதானே நீ?"

டீ போடுறேன்னு அடுப்படிக்கு நழுவிட்டேன்.

விஷயம் என்னன்னா, பொண்ணு பாக்கப் போனப்ப தரகர்தான் "பையன் பத்தாவது பாஸ்"னாரு. எந்தப் பையன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. என் படிப்பு அஞ்சாவதோட முடிஞ்சி போச்சி. ஒரு நாளு வாத்தியாரு போர்டுல 1/2 + 1/4 போட்டாரு. என்னையக் கூப்ட்டாரு. நான் மேல இருந்தத மேல கூட்டி, கீழ இருந்தத கீழ கூட்டி 2/6ன்னு எழுதுனேன். நாப்பது பேரும் சிரிச்சானுங்க. மத்தியானம் சுவரு ஏறிக் குதிச்சேன். இன்னும் தரையில கால் படல.

இப்ப அன்பரசு முன்னாடி நான் போர்டுல எழுதணும். அவனும் சிரிச்சிட்டா? அந்த ஒரு சிரிப்ப மட்டும் என் புள்ள மொகத்துல பாக்கக் கூடாது. அதுக்காக என்ன வேணா பண்ணலாம்னு முடிவு பண்ணேன்.

ஞாயித்துக்கெழம கட்டில் மேல மூணு கட்டு பேப்பர வெச்சிக்கிட்டு உக்காந்தா வெண்மதி. வீட்டுப் படிப்புக்குன்னு கணக்குப் பாடத்திட்டம் விக்கிற கம்பெனிங்களாம். சாம்பிள் அனுப்பியிருக்கானுங்க.

"இது சுத்திச் சுத்தி வர்ற முறை மாமா. எல்லாத்துலயும் தெனம் கொஞ்சம். மறுபடி மறுபடி அதே பாடம் வரும்."

"கொசுவத்தி மாதிரி."

"ஆமா."

"வேணாம். கடைசியில சாம்பல்தான் மிஞ்சும்."

"இது வீடியோ. டிவியில ஒருத்தரு வந்து சொல்லிக் குடுப்பாரு."

"இதான்! இத வாங்கு!"

"இதுல உனக்கு என்ன வேல?"

"பக்கத்துல உக்காந்து தலையாட்டுவேன்."

"அதுக்கு டேபிள் ஃபேன் போதும்"னு அந்தக் கட்ட ஓரமா தள்ளிட்டா. "இந்த மூணாவதுதான் எனக்குப் புடிச்சிருக்கு. கட்டைய அடுக்கி, பேப்பர மடிச்சி, ஒரு பாடம் முழுசாப் புரிஞ்சப்புறம்தான் அடுத்தது. ஆனா இதுக்கு ஒரு ஆளு கொறையுது."

சொல்லிட்டு என்னைய மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தா. மார்க்கெட்ல செவுளத் தூக்கிப் பாப்பாங்களே, அந்த மாதிரி. மீனுக்கு எப்பிடி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சி.

"எந்த கிளாஸ் புக்குன்னு எப்பிடி மதி முடிவு பண்ணுவ?"

"அதுக்கு ஒரு டெஸ்ட்டு இருக்கு. வயசப் பாக்க மாட்டாங்க. எல்லாருக்கும் ஒரே பேப்பரு. போகப் போகக் கஷ்டமாயிட்டே வரும். எங்க தடுக்குதோ, அந்த கிளாஸ்லேருந்து ஆரம்பிக்கணும்."

பசங்க ரெண்டு பேரும் எழுதுனாங்க. வெண்மதி அத ஒரு கவர்ல போட்டு ஒட்டி என் கையில குடுத்தா. "சிதம்பரத்துல ஸ்ரீதர் கடையில குடுத்துரு. அவன் ஸ்கேன் பண்ணி அனுப்பிருவான்." ஸ்ரீதர் அவ தம்பி. தெக்கு வீதியில ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான்.

மறுநாள் மீன எறக்கிட்டு வண்டிக்குள்ள உக்காந்தேன். கவர் என்னையப் பாக்குது, நான் கவரப் பாக்குறேன். பிரிச்சிட்டேன். தில்லைமதி பேப்பரப் பாத்தா பூரா x, y. கணக்குன்னா நம்பர் மட்டும்தான் எதிரின்னு நெனச்சிருந்தேன். இப்ப எழுத்தும் அதோட கூட்டணி சேந்துருக்கு. புள்ள எல்லாத்துக்கும் விடை எழுதி வெச்சிருக்கா. இது போனா ஏழாவது, எட்டாவது புக்கு வரும். மொத நாளே என் மானம் கப்பலேறிடும்.

நேரா ஸ்ரீதர் கடைக்கு ஓடுனேன்.

"மச்சான், வெத்து டெஸ்ட்டு பேப்பரு ஒண்ணு பிரிண்ட் போடு. நான் எழுதுறேன். ஒண்ணு விடாம தப்பா எழுதுறேன். அத ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து, பசங்க பேரப் போட்டு அனுப்பு. ஒண்ணாங் கிளாஸ் புக்கு வரும். அது எனக்குத் தெரியும்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

"நடராஜர் மேல சத்தியம் மாமா."

பேனாவ எடுத்தேன். அப்பத்தாங்க ஒரு சிக்கல். தப்பா எழுதணும்னா, சரி எதுன்னு தெரியணும்ல? நான் தப்புன்னு நெனச்சி எழுதுறது ரைட்டாப் போயிட்டா?

"என்ன மாமா, பேனா நிக்கிது?"

"மச்சான், நான் சரின்னு நெனைக்கிறத எழுதிடுறேன். அதுதான் கியாரண்டியா தப்பா இருக்கும்."

மனசார எழுதுனேன். என் வாழ்க்கையில அவ்வளவு நேர்மையா எதையும் பண்ணதில்ல. ஏழாவது கேள்வியில பேனா வழுக்குச்சி. 1/2 + 1/4. அதே ஆளு. முப்பது வருசமா என்னையத் தேடி, கடைசியில தெக்கு வீதியில வந்து புடிச்சிருச்சி. நாப்பது பேரு சிரிப்பு காதுல கேக்குது. 2/6ன்னு எழுதிட்டு பேப்பர அவன் கையில திணிச்சிட்டு வந்துட்டேன்.

அந்த வாரம் பூரா வெண்மதி போன் அடிச்சா நான் கொல்லைப்பக்கம் போயிடுவேன்.

எட்டாம் நாளு ரிசல்ட்டு வந்துச்சி. போனப் பாத்துப் படிச்சா.

"தில்லைமதி, எட்டாவது. அன்பரசு, நாலாவது."

"எப்பிடி? அதெப்பிடி எட்டாவது வரும்?"

"ஏன், வராதா? காத்தவராயன், மூணாவது."

போனப் புடுங்கிப் பாத்தேன். என் பேரேதான்.

"கவர்ல இருந்தது ஜெராக்ஸு மாமா. ஒரிஜினல நான் மொத நாளே போன்ல படம் எடுத்து அனுப்பிட்டேன்."

"அப்பறம் ஏன்டி என்கிட்ட கவரக் குடுத்த?"

"ஒக்காந்து டெஸ்ட்டு எழுதுன்னா நீ எழுதுவியா? ஒட்டிக் குடுத்தா நீ பிரிப்பன்னு தெரியும். பிரிச்சா எங்க ஓடுவன்னும் தெரியும். உன் பேருலயே அனுப்புன்னு ஸ்ரீதர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்."

ஸ்ரீதருக்கு ஒரு போனப் போட்டேன். "நடராஜர் மேல சத்தியம் பண்ணியேடா!"

"அவரே ஒத்தக் கால்ல நிக்கிறாரு மாமா. அவரு மேல சத்தியம் எவ்வளவு நேரம் நிக்கும்?"ன்னு வெச்சிட்டான்.

"நான் அஞ்சாவதுதான்னு உனக்கு எப்ப தெரியும் மதி?"

"கல்யாணம் ஆன மூணாம் நாளு. முக்கால் டம்ளர் தண்ணின்னு வாயால சொன்னாச் சரியா ஊத்துன. 3/4ன்னு எழுதி வெச்சிட்டு வேலைக்குப் போனேன். மூணு போதுமா நாலு வேணுமான்னு போன் பண்ணிக் கேட்ட."

அப்பறம் அந்த மூணாவது கம்பெனி சாம்பிளோட கடைசிப் பக்கத்தப் படிச்சிக் காட்டுனா. படிச்ச பாடத்த, அது தெரியாத ஆளு ஒருத்தருக்குப் புள்ள சொல்லிக் குடுக்கணும். அதுதான் அந்தக் கம்பெனியோட முறையாம். "அந்த ஆளுதான் கொறஞ்சிச்சி. கடலூரு பூரா தேடுனாலும் உன்ன மாதிரி ஒருத்தன் கெடைப்பானா?" என் பேப்பருக்குக் கீழ ஒரு குறிப்பு வேற போட்டுருந்தானாம்: இந்தப் பிள்ளை முயற்சி செய்கிறது, பின்னத்துக்குப் பயப்படுகிறது, திட்ட வேண்டாம். வெண்மதி அந்தக் கடைசி வரிய மட்டும் வேகமாப் படிச்சிட்டுப் போயிட்டா.

திங்கக்கெழம பத்து மணி. அன்பரசு கையில ஸ்கேலு. நான் பாயில. அவன் பேப்பர ரெண்டா மடிச்சான், நாலா மடிச்சான். போர்டுல எழுதுனான். 1/2 + 1/4.

"2/6"னு முனகிட்டு, கண்ண மூடிக்கிட்டேன். சிரிப்பு வரும்னு காத்திருந்தேன். வரல.

"பரவால்லப்பா. எனக்கும் மொதல்ல அப்பிடித்தான் வந்துச்சி"ன்னான். வயித்தப் புடிக்காம நிக்கிறான் என் புள்ள. ஸ்கூல விட்டதுலேருந்து வலியே இல்லியாம். "இன்னொரு தடவ போடுப்பா."

"வாத்தியாரே, எனக்கு வயிறு வலிக்குது."

"வயித்து வலின்னா வீட்லேருந்து கையெழுத்து வாங்கிட்டு வரணும்."

ஒரு லீவு லெட்டர எழுதிக்கிட்டு வாங்கப் போனேன். வெண்மதி டூட்டிக்குக் கெளம்பி செருப்ப மாட்டிக்கிட்டிருந்தா. லெட்டர நீட்டுனேன். நின்னு நிதானமாப் படிச்சா. செவப்புப் பேனாவ எடுத்தா. லெட்டர்ல ரெண்டு எழுத்துப் பிழையத் திருத்தி, என் கையிலயே குடுத்துட்டு, "நாளையிலேருந்து தமிழுக்கும் வந்து ஒக்காரு"ன்னுட்டா.