தொண்ணூற்றொன்பதாம் சேனல்

அப்பாதுரை ஒரு முடிவுக்கு வந்தார். இனி பௌர்ணமிக்குப் பௌர்ணமி தன் மனைவிக்குத் தன்மேல் பரிபூரண நம்பிக்கை இருந்தாக வேண்டும். அதற்காக ஒழுங்காக நடந்துகொள்வது போன்ற கஷ்டமான வழிகளில் இறங்காமல், ஒரு கருவியை வைத்தே காரியத்தைச் சாதிப்பது.

மின்சார வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருஷம் அவர், சொந்த ரேடியோவில் பிறரோடு பேச அனுமதிக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருந்தார். மூன்றாவது முறை பரீட்சை எழுதி. கையில் பிடித்துப் பேசும் செட்டு, பார்ப்பதற்குப் போலீஸ்காரர் வைத்திருக்கும் வாக்கி டாக்கி மாதிரிதான் இருக்கும். அப்படி யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அரைமணி நேரம் விளக்கம் கேட்டுவிட்டுத்தான் நகர முடியும். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும். செல்போன்களெல்லாம் வாயடைத்துப் போகும். காணாமல் போனவர், மயங்கி விழுந்தவர் சேதியைச் சொல்ல, அஷ்ட லிங்கங்களுக்கும் ஆளுக்கொருவராக ரேடியோவோடு நிற்பார்கள் அவருடைய கிளப்காரர்கள். அப்பாதுரைக்கு வாயு லிங்கம்.

செல்போன் வாயடைப்பதில் ஊருக்கு எத்தனை கஷ்டமோ, அப்பாதுரைக்கு அத்தனை சுகம். பக்கத்து வருண லிங்கத்தில் நிற்பவர் நசீர் அகமது. டவுனில் ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர். அவருடைய மச்சினி ஆற்காட்டிலிருந்து மாதம் தவறாமல் மக்கன் பேடா அனுப்புவாள். ஜீராவில் ஊறி, நாக்கில் வைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கரைந்து, நடுவில் முந்திரியும் பாதாமுமாகப் பிடிபடுகிற சமாசாரம். அப்பாதுரைக்கோ ரத்தத்தில் சர்க்கரை முந்நூறுக்கு ஏறி, இறங்க மனசில்லாமல் அங்கேயே குடியிருந்தது. வீட்டில் ஜோதியம்மாள் சர்க்கரை டப்பாவை நகையோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மாதத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் அவர் மனுஷனாக வாழ்வது.

அதற்கும் ஆபத்து வந்தது.

"ஏங்க, நேத்து நாப்பது தடவ போன் பண்ணேன். ஒண்ணு கூடப் போவல."

"டவர் ஜாம் ஜோதி. ஜனம் ஜாஸ்தி."

"மாத்திர போட்டீங்களான்னு நான் யாரப் போய்க் கேக்கறது? அண்ணாமலையாரையா?"

"அவரு பாத்துக்குவாரு."

"அவருக்கு உங்களப் பத்தி முழுசாத் தெரியாது. அடுத்த மாசத்துலேருந்து நானும் வந்து பக்கத்துல நிக்கறேன்."

அன்று மத்தியானமே அப்பாதுரை தன் பழைய ரேடியோ செட்டைத் தூசி தட்டினார்.

"இந்தா, வீட்லயே உக்காந்து கேளு. நான் பேசறது பூரா உன் காதுல விழும்."

"நான் பேசினா?"

"பேசற பட்டனைத் தொடவே தொடாத. லைசென்ஸ் இல்லாம பேசினா ஜெயிலு. பேசறது நான், கேக்கறது நீ."

"வீட்லதான் வழியில்ல, ரேடியோலயாவது ஆசய தீத்துக்குங்க," என்றாள் ஜோதியம்மாள்.

அந்த செட்டில் நூற்று இருபத்தெட்டு மெமரி. வேண்டிய ஃப்ரீக்வன்சியைத் தட்டி, ஒரு நம்பரில் சேமித்து வைத்துவிட்டால் போதும். அப்புறம் நம்பரைத் திருப்பினாலே அந்தச் சேனல் வந்து நிற்கும். ஒரு இலக்கம் பிசகினால் மட்டும் கதை கந்தல். பங்குனியில் அப்படித்தான் பிசகி, காணாமல் போன கீழ்பென்னாத்தூர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார். மலையைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பெரியவரே கூட்டத்திலிருந்து வந்து, "விடுங்க தம்பி, கெடைச்சிருவாரு," என்று தேற்றி, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதனால் இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தன் செட்டிலும் நசீர் செட்டிலும் ஒன்றாம் சேனல் கிளப் டியூட்டிக்கு. ஆள் நடமாட்டமில்லாத மூலையில் ஒரு ஃப்ரீக்வன்சியைப் பிடித்துத் தொண்ணூற்றொன்பதில் வைத்தார். அது பேடாவுக்கு. ஜோதியம்மாள் செட்டில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒன்றாம் சேனலை மட்டும் மிச்சம் வைத்தார். பட்டன்களையும் லாக் செய்தார். இனி திருகினாலும் ஒன்று, உருட்டினாலும் ஒன்று. திருப்தியாக அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். பெட்டியின் அடியில் கிடந்த விளக்கப் புத்தகத்தையும் சேர்த்துத்தான். அவர் பிரித்தே பார்க்காத புத்தகம் அது.

ஜோதியம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். ஜில்லாவில் பாதிக் கல்யாணம் எப்படி முடிந்தது, மீதிப் பாதி எப்படி முறிந்தது என்று வரிவரியாகச் சொல்வாள். இது அப்பாதுரைக்குத் தெரியாததல்ல. ஆனால் பேடா என்று வந்துவிட்டால் அவருக்கு மற்றதெல்லாம் மங்கலாகத்தான் தெரியும்.

ஆனிப் பௌர்ணமிக்குத் திட்டம் ஜம்மென்று ஓடியது. ஒன்றாம் சேனலில், "வாயு லிங்கம். எல்லாம் நலம். மாத்திர போட்டாச்சு," என்பார் கணீரென்று. இரண்டு நிமிஷம் கழித்து, "வருண லிங்கம், தொண்ணூத்தொம்பது," என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கே தாவுவார்.

"பாய், வந்துச்சா?"

"நாலு இருக்குண்ணே. ஜீரா கொஞ்சம் ஜாஸ்தி."

"ஜீரா ஜாஸ்தி ஆவலாம் பாய். எண்ணிக்கதான் கம்மி ஆவக்கூடாது."

வீட்டில் ஜோதியம்மாள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பௌர்ணமி முடிந்ததும் காலையில் பாகற்காய் சாறு மட்டும் கொடுத்தாள், நாலு நாளைக்கு. ஆடியில் ஐந்து பேடா, சாறு ஐந்து நாளைக்கு. புரட்டாசியில் மூன்று, சாறும் மூன்று நாள்தான். பத்து மாசம் இப்படி ஓடியும் அப்பாதுரைக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. "அவ நம்பிட்டா பாய்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சித்ரா பௌர்ணமி வந்தது. நசீர் ஆறு பேடா என்று வாக்குக் கொடுத்திருந்தார். மத்தியானமே கிளம்பி வாயு லிங்கத்தில் போய் நின்றுவிட்டார் அப்பாதுரை. ஆறு மணிக்கு ஒன்றாம் சேனலில் ஒரு பெண் குரல்.

"எல்லா லிங்கத்துக்கும் கன்ட்ரோல் பேசுது. வணக்கம்."

கிளப் செயலாளர் அறிவுமதியாக இருக்கும் என்று நினைத்தார். அந்தப் பெண்தான் காலேஜில் பாடம் எடுக்கிற தோரணையில் பேசும்.

"வாயு லிங்கம், மூக்குக் கண்ணாடி சட்டப் பையில இருக்கு. தேடாதீங்க."

அறிவுமதி இல்லை.

"கன்ட்ரோல்ல... யாரு?"

அந்தக் குரல், விக்டர் யூனிபார்ம் என்று தொடங்கித் தன் அழைப்பு எழுத்துகளை ஒன்று விடாமல் நிறுத்தி நிதானமாகச் சொன்னது. "புது மெம்பர் ஜோதியம்மாள். அடி அண்ணாமலைல நம்ம வீட்டு மொட்ட மாடிலேருந்து. நீங்க நட்ட ஏரியல் கம்பம் நல்லா எடுக்குதுங்க. ஓவர்."

அப்பாதுரை தொண்ணூற்றொன்பதுக்கு ஓடினார்.

"பாய், ஜோதி செட்டுல பேசறா. போலீஸ் வரப்போவுது. பேடாவ மறைச்சிடு."

"போலீஸ் இன்னாத்துக்கு வருது? லைசென்ஸ் வாங்கித்தான பேசறேன்."

சத்தியமாக நசீர் குரல் இல்லை.

"நீ எப்படி இதுல?"

"பொஸ்தகத்துல பதினோராம் பக்கம். ஒரு பட்டன ரெண்டு செகண்டு அழுத்தினா லாக்கு தொறந்துக்குது. இன்னொண்ண அழுத்தினா அதுவா ஓடி, எங்க பேச்சு கேக்குதோ அங்க நிக்குது. தொண்ணூத்தொம்பதுன்னீங்க, ஆளக் காணோம். ஓட விட்டேன். ஜீரா ஜாஸ்திங்கற எடத்துல நின்னுச்சு. நானும் தொண்ணூத்தொம்பதுலயே சேத்து, பேடான்னு பேரு வெச்சேன்."

"பரீட்ச எப்ப எழுதின?"

"மெட்ராஸுக்கு என் தங்கச்சி மக வளைகாப்புன்னு போனனே. நீங்கதான பஸ் ஏத்தி விட்டீங்க. சந்தோஷமா கை வேற ஆட்டினீங்க."

"அந்தப் பொண்ணுக்கு என்ன கொழந்த பொறந்துது?"

"அது ப்ளஸ் டூ படிக்குதுங்க."

அப்பாதுரை மெல்லக் கேட்டார். "எத்தன தடவ எழுதின?"

"ஒரே தடவ."

இப்போது நசீர் குறுக்கே வந்தார். "அண்ணே, கோச்சிக்காதீங்க. எங்க வீட்ல பீபி ஜான் காலையிலயே ஆறையும் அண்ணிகிட்ட குடுத்துட்டா. எனக்கே இப்பதான் தெரியும்."

"ரெண்டு பேரும் ஒண்ணுக்கு வாங்க. டியூட்டி நேரம்," என்றது கன்ட்ரோல்.

ஒன்றுக்கு வந்தார்கள். "வாயு லிங்கம், மாத்திர போட்டாச்சா?"

"போட்டாச்சு," என்றார் அப்பாதுரை, பத்து மாசப் பழக்கத்தில்.

"மாத்திர டப்பா இங்க டேபிள் மேல இருக்கு. பீபி ஜான் மூலமா நசீர் பாய்கிட்ட வேற அட்ட அனுப்பிருக்கேன். பாய், வாயு லிங்கத்துக்குப் போங்க. அவரு முழுங்கறத நீங்க பாக்கணும்."

நசீர் ஒரு தூக்குவாளியோடு ஜனத்துக்குள் புகுந்து புகுந்து வந்தார். வாளியைக் கண்டதும் அப்பாதுரைக்கு ஒரு நப்பாசை. திறந்தார். மாத்திரையும் வெந்நீரும் இருந்தன. முழுங்கினார்.

"முழுங்கிட்டாரு அண்ணி," என்று செட்டில் சொல்லிவிட்டுத் தன் வருண லிங்கத்துக்குத் திரும்பினார் நசீர்.

"சரி. இந்திர லிங்கம் முகாம்ல டாக்டருக்கும் தெரியணும். நடுவுல மலை நிக்குது, நேரா எட்டாது. கைமாத்திச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரும் கெடைச்சுதான்னு சொல்லணும்."

அப்படியே ஆயிற்று. வாயு லிங்கம் மாத்திரை போட்டுக்கொண்ட சேதியைக் குபேர லிங்கம் ஈசான்ய லிங்கத்துக்குச் சொன்னது. ஈசான்யம் இந்திரனுக்கு. டாக்டர் குறித்துக்கொண்டார். அங்கேயே நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால் அக்னி லிங்கத்துக்கும் போனது. எமலிங்கம் இரண்டு தரம் திருப்பிக் கேட்டு நிச்சயம் செய்துகொண்டது. நிருதி, வருணன் என்று பதினான்கு கிலோமீட்டரும் சுற்றிக்கொண்டு கடைசியில் வாயு லிங்கத்துக்கே வந்து சேர்ந்தது.

"வாயு லிங்கம், சேதி கெடைச்சுதா?" என்றது கன்ட்ரோல், வாயில் எதையோ மென்றுகொண்டே.

"கெடைச்சுது," என்றார் அப்பாதுரை.