பஞ்சம் என்றால் ஒரு கரண்டி

அகராதி அலுவலகத்தில் அமர்ந்து சொற்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்கும் என் அக்கா மகளுக்கு, அரைவயிற்று மாமன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, குளிர்சாதனப் பெட்டி மூவரும் நலம். வயிறு நிறைந்திருப்பது பெட்டிக்கு மட்டும்தான்.

பஞ்சம் என்ற சொல்லின் மூலம் உறுதியாகத் தெரியவில்லை, வீட்டில் அதை எப்படியெல்லாம் சொல்கிறீர்கள் என்று நாலு வாக்கியம் அனுப்புங்கள் மாமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். என் ரத்தத்தில் சர்க்கரை ஆலை ஒன்று ஓடுவதாக டாக்டர் கண்டுபிடித்து, வேளைக்கு ஒரு கரண்டிச் சோறு என்று தீர்ப்பளித்ததிலிருந்து உலகத்துப் பஞ்சமெல்லாம் என் தட்டில்தான் குடியிருக்கிறது. அந்த ஒரு கரண்டியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி எடுப்பதற்குள் அது ஆறிப்போகும். ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல், உனக்கும் ஒரு வாக்கியம் ஆச்சு என்று, “இந்த வீட்ல பஞ்சம் வந்துருச்சு” என்று அறிவித்தேன். உன் அத்தை சட்டிப் பக்கம் திரும்பினாள். சட்டிக்குள் கிடந்த கரண்டி எழுந்து வந்து என் தட்டில் ஒரு மலையை இறக்கிவிட்டுப் போனது. மந்திரம் கிடைத்தவன் சும்மா இருப்பானா? மறுநாள், “பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி இருக்கேனா?” என்றேன், ஒரு கரண்டி. குழாயைப் பார்த்து, “தண்ணிப் பஞ்சம்” என்றேன், அதற்கும் ஒரு கரண்டி. “பேச்சுத் துணைக்குக்கூடப் பஞ்சம்” என்றேன், இரண்டு. உன் அகராதியும் என் தொப்பையும் ஒன்றாக வளர்ந்தன.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஆலை இரவு பகலாக ஓடுவது தெரிந்துவிட்டது. டாக்டர் என்னைத் திட்டவில்லை, உன் அத்தையைத் திட்டினார். “ஏம்மா, நீங்கதானே பரிமாறுறீங்க? கால் மரத்துப் போகுதுங்கறார். இப்படியே போட்டுட்டிருந்தா கடைசியில அந்தக் காலையே எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் எங்கிட்ட அழக் கூடாது.” அவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் கேட்கப் பேசும் உன் மாமன் அப்போது மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

பஸ் நிறுத்தத்தில் கேட்டேன்.

“எதுக்குடி போட்ட? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லணும்னுதான் நெனைக்கிறேன். அந்த வார்த்தையக் கேட்டா கை நிக்க மாட்டேங்குது.”

பிறகு பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது விளைச்சலே இல்லாத ஒரு வருஷமாம். அவள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. “அடுப்புக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல, தூங்கட்டும்” என்பாளாம் அவள் அம்மா. பிள்ளைகள் அடுப்பு விழித்துவிடாமல் மெதுவாக நடப்பார்களாம். தம்பி மட்டும் தெருவில் கேட்டுவிட்டு வந்து, “பஞ்சம்னா என்னம்மா?” என்று கேட்டிருக்கிறான்.  அம்மா பானையின் அடியைச் சுரண்டி, வந்த ஒரு கரண்டியை அவன் தட்டில் போட்டாளாம். அன்றைக்கு வேறு யாரும் சாப்பிடவில்லை.

“இப்பவும் அது காதுல விழுந்தா, அவன் தட்ட நீட்டுற மாதிரியே இருக்கு. பஸ் வருது, பாத்து ஏறுங்க.”

அவளுக்கு ஒரு தம்பி இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும். 

ஆகவே, மகா பண்டிதையே, இந்தச் சொல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை நீங்கள் அறைக்குள் மண்டையை உடைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். ‘உணவு கிடைக்காத காலம்’ என்று பொருள் எழுதுவாய், தப்பில்லை. ஆனால் நான் மேலே கொடுத்த வாக்கியங்களில் ஒன்றைக்கூடச் சேர்க்காதே. அதெல்லாம் சாப்பிட்டவன் பேசியது. இனி இந்த வீட்டில் அந்தச் சொல் ஒலிக்காது என்று சத்தியம் செய்திருக்கிறேன். டாக்டர் சொன்ன ஒரு கரண்டியோடு எழுந்துவிடுகிறேன். என் காலும் பிழைக்கும், அவள் கையும் ஓயும்.

உன் பேனாவில் மையும் உன் பானையில் சோறும் என்றும் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,
மாமன்.

பி.கு.: இதே பொருளுக்குப் பழைய நூல்களில் ‘வற்கடம்’ என்று ஒரு சொல் உண்டு என எழுதியிருந்தாய் அல்லவா? உன் பெருமையைப் பேசுவதற்காக, வேறு எந்த உள்நோக்கமும் இல்லாமல், சாப்பிடும்போது அதைச் சொன்னேன். “அப்படின்னா?” என்றாள். “மழையில்லாம, வெளச்சலில்லாம, சாப்பாடே கெடைக்காத காலம்” என்றேன். கரண்டி கிளம்பிவிட்டது. சட்டென்று தட்டின் மேல் கையை விரித்தேன், கொதிக்கக் கொதிக்க அத்தனையும் கையில் விழுந்தது. அவள் மருந்து தடவிக்கொண்டிருக்கிறாள், நான் இதை இடது கையால் எழுதுகிறேன். படிக்க முடியாததை நீயே ஊகித்துக்கொள்.