நைனாவைக் காணவில்லை

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ கேட்டு இரண்டு டீ வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ரிப்பீட்டு அண்ணன்தான். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக அறிவிப்புச் செய்பவர். எதையும் இரண்டு முறை சொல்லியே வாய் பழகிவிட்டது. "ஒரு டீ... ஒரு டீ!" என்றால் மாஸ்டர் என்ன செய்வார்?

இன்னொரு கொள்கையும் உண்டு. தாளில் இருப்பதை அப்படியே படிப்பார். ஒருமுறை யாரோ மளிகைச் சீட்டின் மிச்ச இடத்தில் திருவிழா அறிவிப்பை எழுதிக் கொடுக்க, "அனைவரும் வருக, அருள் பெறுக, துவரம்பருப்பு அரை கிலோ" என்று தொண்டூர் வரை முழங்கிவிட்டு வந்தார். அதைக் கேட்ட நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது.

கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டுக் கை பரபரத்துக்கொண்டிருந்த நேரம். இரண்டே நாளில் ஒரு வலைப்பக்கம் செய்தேன். என்ன விஷயம், எந்த ஊர், என்ன அடையாளம் என்று கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், அறிவிப்பு தானே தயாராகி, 'அறிவிப்பு' என்ற பெயரில் கோப்பாகப் போனில் இறங்கிவிடும். அண்ணன் போனிலேயே சோதித்தேன். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் அப்பாவை, எங்கள் வீட்டுப் பேச்சில் நைனாவை, காணாமல் போனவராக்கினேன். கோப்பு இறங்கியது. குதித்தேன்.

மறுநாள் காலை ஆரோக்கியம் அக்கா அழுதுகொண்டே வந்தார். நிறைமாதச் சினைப்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம்.

"இன்னிக்கோ நாளைக்கோ கண்ணு போட்ரும்பா. தனியா கெடந்தா நாய் உடுமா? எங்களுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்."

அண்ணன் போனிலேயே கட்டங்களை நிரப்பினேன், பொத்தானை அழுத்தினேன். அண்ணன் பறந்தார்.

அரைமணி நேரத்தில் கிராமத்திலிருந்து அத்தை போன் செய்தார். "உங்க நைனா எங்கடா?"

"கடைல குந்தினு இருக்காரு."

"பொய் சொல்லாத! மைக்ல சொல்லினு போறாங்க. கறுப்பு நிறம், தொப்பை இருக்குமாம், கூப்ட்டா திரும்பிப் பாக்கமாட்டாராம்!"

இரண்டாவது கோப்புக்கும் அதே பெயர் என்பதால், போன் அதன் பின்னால் ஓர் எண்ணை ஒட்டி வைத்திருந்தது. எண் ஒட்டாத பழையதை, நைனாவின் அறிவிப்பை, அண்ணன் திறந்துவிட்டார்.

பைக்கில் துரத்திப் பிடித்தேன். "அண்ணே, மாட்டச் சொல்லணும்ணே! நீ சொல்றது எங்க நைனாவ!"

"தெரியும்பா. காலைலகூட கடைல பாத்தனே."

"அப்புறம் இன்னாத்துக்குண்ணே படிச்ச?"

"எழுதியிருக்குதே... எழுதியிருக்குதே!"

தலையில் அடித்துக்கொள்ளும்போது என் போன் அடித்தது. அறிவிப்பில் இருந்தது என் போன் எண்தான். நைனாவைத் தேடி வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லைப் பக்கம் போன நாலு பேரில் ஒருவர் பேசினார்.

"தம்பி, உங்க நைனா கெடைக்கல. இங்க ஒரு பசு இருக்குது, கண்ணோட. வோணுமா?"

அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். புதரோரம் ஈரம் காயாத கன்று, நக்கிக்கொண்டே பசு. அக்கா இரண்டையும் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணன் கன்றின் காதைத் தடவிக்கொண்டே நின்றார். நைனா மட்டும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது ஒவ்வொரு கோப்பும் ஊர், விஷயம், தேதியோடு தனிப் பெயரில் இறங்குகிறது. அடுத்த சோதனையும் தயார். இனி வரும் அறிவிப்பின் கடைசியில், அண்ணன் எவ்வளவு நல்ல மனிதர் என்று நாலு வரி தானாகச் சேரும். எழுதியிருந்தால் படித்துத்தானே ஆகவேண்டும்! அதற்கு முதலில் அவருடைய சொந்தப் பெயர் தெரிய வேண்டும். இத்தனை நாளும் நான் கேட்கவே இல்லை.