கடல் தாண்டியும் ராட்டினமா?

சங்கரன்கோவில்,
17-6-1981, புதன்கிழமை.

பினாங்கில் கடை உத்தியோகம் பார்க்கும் என் மச்சினன், சிரஞ்சீவி செல்வமணிக்கு அத்தான் பரமசிவன் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அக்காள் முப்பிடாதி சுகம், இரண்டு தறியும் சுகம். அங்கே நீயும் சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுத உனக்கு நேரம் ஏது?

ஆடித்தபசு முடிந்ததும் எங்கள் இருவரையும் கப்பலேற்றி வரவழைப்பதாகவும், உங்கள் தீவில் கடற்கரை ஓரமாக ஒரு வாரம், பிறகு அக்கரையில் விளையாட்டுப் பூங்காவில் ஒரு நாள் என்றும், சம்மதமா என்று இந்த மாதத்துக்குள் எழுத வேண்டுமென்றும் கேட்டிருந்தாய். சம்மதமில்லை. அதாவது எனக்குச் சம்மதம், உன் அக்காளுக்கு இல்லை. எல்லாம் நீ எழுதிய ஒரு வார்த்தையால் வந்த வினை. பொறுமையாகப் படி.

முதல் நாலு பக்கத்தை நான் வாசித்துக் காட்டியபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவள் கடலைப் பார்த்தது திருச்செந்தூரில் ஒரே ஒரு தடவை, முட்டளவு தண்ணீரில். “ஏங்க, அங்கன காலையில எந்திரிச்சா மொதல்ல கடலுதான் தெரியுமா?” என்றாள். ஆமாட்டி என்றேன். “கடலுக்கு என்ன சோலி? அது பாட்டுக்குக் கெடக்கும். நாமளும் அது பாட்டுக்குக் கெடக்கலாம், என்ன?” என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

என் கதை அதைவிட மோசம். இப்போது பகலில் இரண்டு மணி நேரம் கரண்டு கிடையாது. தெருவில் அத்தனை தறியும் ஒரே மூச்சில் நிற்கும். அந்த அமைதியில் தறிக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தால் போதும், நான் உன் தீவில் இருப்பேன். தென்னை சாய்ந்து நிற்கும், பச்சைத் தண்ணீர் பாதம் வரைக்கும் வந்து திரும்பும், ‘உய்ங்... உய்ங்...’ என்று ஓயாமல் கடல் காற்று. அப்படி ஒரு காற்று மாப்பிள்ளை, தாலாட்டு மாதிரி. கரண்டு வந்த பிறகுதான் சங்கரன்கோவிலுக்குத் திரும்புவேன்.

நம்ம பலசரக்குக் கடை மூக்காண்டி அண்ணாச்சி ஒரு தடவை ராமேஸ்வரம் போய் வந்தவர் என்பதால், தீவு விஷயத்தில் அவரிடம்தான் யோசனை கேட்டேன். “வே, தீவுன்னா சுத்தி உப்புத் தண்ணி. குடிக்க ரெண்டு கொடம் தண்ணி கொண்டு போயிரும். கப்பல்ல கொடலைப் பொரட்டும், அதுக்கு இப்பவே ஆடிப் பழகணும்” என்றார். அவர் பேச்சைக் கேட்டு, உன் அக்காள் புடவையை உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டி, நான் ஏறிப் படுக்க, அவர் ஆட்ட, பத்தாவது ஆட்டத்தில் முடிச்சு அவிழ்ந்து நான் நேரே தறியில் பூட்டியிருந்த பாவு நூலின் மேல் போய் விழுந்தேன். எரநூறு இழை அத்துப்போச்சு. கப்பல் ஏறாமலே கவிழ்ந்தவன் என்று தெருவே சிரித்தது. அறுந்த இழைகளைப் பிணைத்துச் சேர்க்க இரண்டு நாள் ஆயிற்று.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ பிடிக்கப் போனோம். விளக்கு மின்னும்போதெல்லாம் உன் அக்காள் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு தடவை பார்த்துவிட்டு ஸ்டூடியோ ஜெயசிங், “அண்ணாச்சி, அக்கா இப்பவே போய்ச் சேர்ந்துட்டாக, இங்கன முகம் மட்டுந்தான் இருக்கு” என்றான்.

இத்தனை ஆசையாக இருந்தவள், மறுநாள் நான் மிச்ச நாலு பக்கத்தை வாசித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். வரமாட்டாளாம். கப்பல் பயமா என்று கேட்டேன், ஊர்ச் சோறு கிடைக்காதென்றா என்று கேட்டேன், ம்ஹும். பத்து நாள் கழித்து, கரண்டு போயிருந்த ஒரு மத்தியானம், நான் தீவில் படுத்துக்கொண்டே, “ஏட்டி, கடைசியா சொல்லு, வாரியா வரலையா?” என்று கேட்டேன். அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“இங்கன சுத்துறது பத்தாதா? கடல் தாண்டிப் போயும் ராட்டினமா? நாப்பது பேரு உக்காரலாமாம், பொம்பளைக கூட்டந்தான் ஜாஸ்தியாம், காலையிலருந்து பொழுது அடையிற வரைக்கும் ஓயாதாம்! ஒரு வாரம் கடலைக் காட்டிச் சோத்தைப் போட்டுட்டு, ஆலையில கொண்டு போய் உக்கார வைக்கப் பாக்கான். கூடப் பொறந்தவனே ஆள் பிடிக்கான்!”

அட பாவி மாப்பிள்ளை! தபசுத் திருவிழாவுக்கு வந்து ஆளை ஏற்றிக்கொண்டு சுத்துமே, அதை அவள் தொட்டில் என்றுதான் சொல்வாள். ராட்டினம் என்றால் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான், தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற கை ராட்டினம். நீ ஊரை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷத்தில் பேச்சை மறந்து, பூங்காவில் பனை உயர ராட்டினம் என்று எழுதி வைத்திருக்கிறாய்.

சிரித்துக்கொண்டே சொல்ல வாயெடுத்தேன். அவள் நிறுத்தவில்லை. “கரண்டு போனா ஒங்களுக்கு ரெஸ்டு. ராட்டினத்துக்கு ஏது கரண்டு? நீங்க துண்டை விரிச்சுப் படுங்க, நான் சுத்துதேன்” என்று சொல்லிச் சக்கரத்தைத் திருப்பினாள். உய்ங்... உய்ங்...

மாப்பிள்ளை, என் கடல் காற்று அதுதான். இத்தனை நாளும் தென்னை மரத்தடியில் நான் கேட்டுக் கிடந்தது உன் அக்காள் கைச் சத்தம். எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்து, அவளைத் துண்டில் படுக்கச் சொல்லிவிட்டு நான் ராட்டினத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சுற்றிய தாரெல்லாம் பூசணிக்காய் மாதிரி வந்தது.

அவள் படுத்தபடியே தொட்டில் விவரத்தைக் கேட்டாள். “யாரு சுத்துவா?” மோட்டார் என்றேன். “கரண்டு போனா?” உச்சியில் இருக்கிறவர்கள் உச்சியிலேயே நிற்பார்கள் என்றேன். “அங்கனருந்து கடல் தெரியுமா?” தெரியும் என்றேன். “அப்ப கரண்டு போகட்டும்” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனாலும் வர மறுக்கிறாள். போக வர, தங்க, ஒரு மாதம் ஆகும். அத்தனை நாள் தாரையும் திரும்பி வந்து தானேதான் சேர்த்துச் சுற்ற வேண்டும் என்கிறாள். ஆகவே டிக்கெட் எடுக்க வேண்டாம். கோமதியம்மன் துணையில் நீ நோய்நொடி இல்லாமல் இரு, எண்ணெய் தேய்த்துக் குளி, எங்களுக்காகவும் ஒரு தடவை கடலைப் பார்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
த. பரமசிவன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் உன் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நான் சுற்றிய தாரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இப்போது பூசணிக்காய் இல்லையாம், கத்தரிக்காய் அளவுக்கு வந்துவிட்டதாம், இன்னும் ஒரு மாதம் பழகினால் நன்றாகவே சுற்றுவேனாம். உன் அக்காள் பேரில் டிக்கெட் எடுத்துவிடு. ஒன்று போதும்.