இருபத்தேழு சுவர்களும் ஒரு வாசகமும்

"சார், அந்த பேட்டரி வேணாம். ஆர்டரை கேன்சல் பண்ணிடுங்க."

போனில் பேசியது ரயில்வே ஊழியர் சேட்டு. சத்தியநாதன் ரிசீவரை இடக்காதிலிருந்து வலக்காதுக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் காதிலாவது வேறு மாதிரி கேட்கக்கூடாதா?

"என்ன சேட்டு இது? நேத்துதானே கரண்ட் இல்லாம குழந்தை தூங்கலைன்னு புலம்பினீங்க?"

"இன்னைக்கு எங்க வீட்டுச் சுவத்துலயே எழுதியிருக்கே சார். 'மின்வெட்டை வெட்டுவோம்! பியூலா சத்தியநாதனுக்கு வாக்களிப்பீர்!' நீங்களே வெட்டிடப் போறீங்க. அப்புறம் எனக்கு எதுக்கு இன்வெர்ட்டர்?"

சத்தியநாதன் ஆர்டர் புத்தகத்தில் சேட்டு பெயரை அடித்தார். மத்தியானத்துக்குள் இதே காரணத்தைச் சொல்லி இன்னும் மூன்று பேர் ஆர்டரை ரத்து செய்தார்கள்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி 'பியூலா பவர் சிஸ்டம்ஸ்' என்று இன்வெர்ட்டர் கடை வைத்திருந்தார் அவர். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்த காலம். கடைக்கு அது பொற்காலம். அந்த நேரம் பார்த்து வார்டு கவுன்சிலர் பதவி காலியாகி, இடைத்தேர்தல் வந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. தையல் வகுப்பு நடத்தும் அவர் மனைவி பியூலாவைத் தெருப் பெண்களே நிற்கச் சொன்னார்கள். தண்ணீர் லாரி வராத நாட்களில் அலைந்து திரிந்து லாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறவள் அவள்தான்.

அவள் சரி என்று தலையாட்டிய கணமே பிரசாரப் பொறுப்பை சத்தியநாதன் எடுத்துக்கொண்டுவிட்டார்.

"நீ கையைக் கூப்பினா போதும். வாசகத்தை நான் பார்த்துக்கறேன்."

"தண்ணி, குப்பை பத்தி எழுதலாமே?"

"குப்பைக்கெல்லாம் வாசகம் வராது பியூலா. இன்னைக்கு நாடே மின்சாரக் கொள்கையைப் பத்தித்தான் பேசுது."

"ஒரு கவுன்சிலர் எப்படிங்க மின்வெட்டை நிறுத்த முடியும்?"

"வாசகத்துக்கிட்ட அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க."

அவள் சிரித்தாள். "சரி, நான் நாலு வீடு பார்த்துட்டு வரேன்" என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று முதல் தினமும் கிளம்பினாள். போன இடத்தில் என்ன பேசுகிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கும்பிடு போடுவதற்கு மேல் என்ன பேசிவிடப் போகிறாள்?

வியாபாரம் படுத்த அன்று மாலை, சுவர் எழுதும் துலுக்காணத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"துலுக்காணம், எல்லாச் சுவத்துலயும் 'படிப்படியாக'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துடு. உடனே மின்வெட்டு போயிடும்னு ஜனங்க பயப்படறாங்க."

"பயப்புட்றாங்களா? நல்லா கீது சார் கதை. எங்க சேக்கறது? எடமே இல்லியே."

"எப்படியாவது நுழை."

நுழைத்தான். 'மின்வெட்டை வெட்டுவோம்! படிப்படியாக' என்று இருபத்தேழு சுவர்களிலும் அந்த வார்த்தை கடைசியில் தொங்கியது. மறுநாளே எதிர் வேட்பாளர் ஜெயஸ்ரீயின் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"பெரியோர்களே, தாய்மார்களே! படிப்படியாக வெட்டுவார்களாம்! காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்! இப்போது நடப்பதும் அதுதானே? இதற்கு ஒரு வேட்பாளர் வேண்டுமா?"

சத்தியநாதன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு யோசித்தார். வாக்காளருக்கும் வலிக்கக்கூடாது, வாடிக்கையாளரும் ஓடக்கூடாது. ஆதரவாகவும் இருக்கவேண்டும், நீண்ட காலத்துக்கும் வரவேண்டும். சாயங்காலம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

'மின்வெட்டு உள்ளவரை நாங்கள் உண்டு!'

"எப்படி இருக்கு துலுக்காணம்? படிச்சா சந்தம் வருதில்ல?"

"வருது சார். ஆனா பழைய எய்த்தை அழிக்கணுமே. ஒரு கை சுண்ணாம்புக்கு அது அடங்காது."

அடங்கவில்லைதான். சுண்ணாம்பையும் மீறிப் பழைய சிவப்பு எழுத்து ரோஜா நிறத்தில் எட்டிப் பார்த்தது. அதன்மேல் புது வாசகம் நீல நிறத்தில் ஏறியது.

மறுநாள் சேட்டு கடைக்கு நேரிலேயே வந்தார். பேட்டரியைத் திரும்பவும் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று சத்தியநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒரு சந்தேகம் சார். மின்வெட்டு உள்ளவரை நீங்க உண்டுன்னா, நீங்க போனாத்தானே மின்வெட்டு போகும்?"

"அப்படி அர்த்தம் இல்லை சேட்டு."

"எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் சார் படிக்கறாங்க."

ஓட்டுப்போட இன்னும் நான்கே நாள். சத்தியநாதனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "விட்டுடுங்களேன், சுவரெல்லாம் பாவம்" என்றாள் பியூலா, ரசத்தை ஊற்றிக்கொண்டே. பாதியில் விடுவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. மின்வெட்டு என்ற வார்த்தைதானே வம்பு? அதையே தூக்கிவிட்டால்? சின்னதாக, கவிதை மாதிரி, யாராலும் குறை சொல்ல முடியாத ஒன்று. எழுதினார்.

'இருள் நீங்க பியூலா!'

துலுக்காணம் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான், பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். "நீ சொன்னா சரி சார்" என்று மூன்றாவது முறையாக ஏணியைத் தூக்கினான். இந்தத் தடவை பச்சை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் கூச்சல் கேட்டது. மீன்காரி செல்லம்மா நின்றுகொண்டிருந்தாள். தலையில் கூடை, கை இடுப்பில்.

"சார்! வெளிய வா சார்! யாரு சார் இருளு?"

"என்னம்மா?"

"என் செவுத்துலயே வந்து, என்னையே 'இருள் நீங்க'ன்னு எய்திக்கினு போயிருக்கான் அந்த துலுக்காணம்! நானா இருளு? வெயில்ல மீனு விக்கறவ கருப்பாத்தான் இருப்பா. அத்த செவுத்துல எய்தி ஊருக்குக் காட்டணுமா?"

"ஐயோ, அந்த 'நீங்க' இல்லைம்மா. இருள் நீங்கறதுக்கு, அதாவது போறதுக்கு..."

"யாரு போறதுக்கு?"

அதற்குள் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். இருபத்தேழு வீட்டுக்காரர்களையும் இருள் என்று சொல்லியாகிவிட்டது என்பது அப்போதுதான் சத்தியநாதனுக்கு உறைத்தது. ஜெயஸ்ரீ அணி வேறு மாதிரி வாசித்திருந்தது. ஆட்டோ மைக் தெருமுனையில் அதைத்தான் கத்திக்கொண்டிருந்தது: "இருள் யார்? நீங்கதான் பியூலா! அவர்கள் சுவரே சொல்கிறது!"

"அழிச்சிடு துலுக்காணம்! எல்லாத்தையும் அழிச்சிடு!"

சுண்ணாம்பு தீர்ந்திருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தார்கள். சிவப்பும் நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று குழைந்து, இருபத்தேழு சுவர்களும் ஒரே நாளில் எருமை நிறத்துக்கு வந்தன. உற்றுப் பார்த்தால் நடுவில் 'வெட்டு உண்டு நீங்க' என்று மட்டும் படிக்க முடிந்தது. ஏரிக்கரைத் தெரு ஒன்றுதான் ஆரம்பத்திலிருந்தே தப்பியது. அங்கே எந்த வீட்டுக்காரரும் எழுதச் சுவர் கொடுக்கவில்லை.

ஓட்டுப்போடும் நாளன்று சத்தியநாதன் கடையைத் திறக்கவில்லை. எண்ணுகிற நாளன்று வீட்டைவிட்டே வெளியே வரவில்லை. பியூலா மட்டும் சேலையை நீவிக்கொண்டு தாம்பரம் போனாள். "தோத்தா என்னைத் திட்டாதே" என்றார் அவர். "திட்ட மாட்டேங்க" என்று செருப்பை மாட்டினாள்.

மூன்று மணிக்கு வெடிச்சத்தம் கேட்டது. ஜெயஸ்ரீ ஆட்களாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தப் போனார். துலுக்காணம் ஓடி வந்து அவரை அப்படியே தூக்கிவிட்டான்.

"ஜெயிச்சிட்டோம் சார்! அக்கா இருநூத்திப் பதினோரு ஓட்டுல ஜெயிச்சிடுச்சி!"

சத்தியநாதன் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு பூத் கணக்கு எழுதிய காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முதுகு நிமிர்ந்தது. எழுதிய தெரு அத்தனையிலும் பியூலாவுக்கு ஓட்டு கொட்டியிருந்தது. போனது ஏரிக்கரைத் தெரு ஒன்றுதான்.

"பார்த்தியா துலுக்காணம்? எங்கே வாசகம் இருந்துச்சோ அங்கேயெல்லாம் ஜெயம். எங்கே இல்லையோ அங்கே தோல்வி. இதைவிடச் சாட்சி வேணுமா?"

"மெய்தான் சார்" என்றான் துலுக்காணம், தன் பிரஷ்ஷை ஒரு புது மரியாதையோடு பார்த்துக்கொண்டே.

எந்த வாசகம் மக்கள் மனத்தைத் தொட்டது என்று தெரிந்துகொண்டே ஆகவேண்டும். கழுத்தில் யாரோ போட்ட மாலையோடு தெருவில் இறங்கினார். எதிரே செல்லம்மா வாயெல்லாம் சிரிப்பாக வந்துகொண்டிருந்தாள். அவளே சிரிக்கிறாள் என்றால் 'இருள் நீங்க'தான் ஜெயித்திருக்கிறது!

"செல்லம்மா, உண்மையைச் சொல்லு. கோபமெல்லாம் விட்டுட்டு எங்களுக்கே போட்டியே, மூணுல எந்த வாசகத்துக்காகப் போட்டே?"

"வாசகமா? 'என்னைய ஜெயிக்க வெச்சா, எங்க வூட்டுக்காரரு பாழ் பண்ண செவுரு அத்தனைக்கும் மொத வேலையா வெள்ளையடிச்சுத் தரேன், இனிமே அவரு எய்தவும் மாட்டாரு'ன்னு அக்கா வூடு வூடா வந்து சத்தியம் பண்ணிச்சே, அதுக்குத்தான் சார் போட்டோம்!"